மருந்தென்று நினைக்காத குளிகை

அஞ்சு, விஷ்ணு, இதை நான் கோபத்தில்தான் எழுதுகிறேன். கோபம் உங்கள் மேல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போன வருஷம் நான் வீட்டில் முகம் கொடுக்காமல் கிடந்ததெல்லாம் உங்கள் மேலுள்ள கோபம் என்று நீங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டு, அறைக்குள் சத்தமில்லாமல் நடந்தீர்களாம். உங்கள் அம்மை பிறகுதான் சொன்னாள். அதைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

நீங்கள் பள்ளியில் மலையாளம் படிக்கிறவர்கள். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. பூதப்பாண்டிப் பக்கம் எட்டாம் வகுப்போடு நிறுத்தினவன் நான். அதனால் தமிழில்தான் எழுத முடியும். அஞ்சு எழுத்துக்கூட்டி வாசித்து விஷ்ணுவுக்குச் சொல்லட்டும். புரியாத இடத்தில் அம்மையிடம் கேளுங்கள். அவள் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

கிழக்கேகோட்டையில் நான் தோசை மாஸ்டராக இருக்கிற சைவ ஹோட்டலை உங்களுக்குத் தெரியும். விஷ்ணு அங்கே நெய் ரோஸ்ட் தின்றிருக்கிறான். ஆனால் அடுக்களையை நீங்கள் பார்த்ததில்லை. விடியுமுன் வேலை தொடங்கும். வந்தவுடன் ஆளுக்கொரு கட்டன் கிடைக்கும், பால் விடாத சாயா. கட்டனோடு ஒரு குளிகை. இங்கே மாத்திரையைக் குளிகை என்றுதானே சொல்கிறோம். பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய கேஸ் குளிகை இருக்கும். முதலாளி தன் கைக்காசில் வாங்கி வைப்பது. எடுத்து வாயில் போட்டு, கட்டனைக் குடித்து, தோசைக்கல் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியதுதான். புதிதாக ஒருவன் வேலைக்குச் சேர்ந்தால் அவனுக்குத் துண்டு தருவோம், தலையில் கட்டத் துணி தருவோம், குளிகைப் பெட்டியைக் காட்டித் தருவோம்.

காரணம் இல்லாமல் இல்லை. காலைக் கூட்டம் ஒழியாமல் எங்கள் வயிற்றுக்கு ஒன்றும் போகாது. அதன்பின் மிஞ்சின இட்லி. மத்தியானம் மீல்ஸ் கூட்டம் முடிந்து, மேசை துடைத்து, பாத்திரம் கழுவப் போட்ட பிறகு, வெயில் சாய்கிற நேரத்தில்தான் சோறு. வயிறு எரியத்தானே செய்யும்? நெஞ்சு கரிக்கும். புளித்த ஏப்பம் வரும். குளிகை போட்டால் எரியாது. எரியாவிட்டால் வேலை நடக்கும். அஞ்சு பிறப்பதற்கு முன்பிருந்தே நான் அதைத் தின்றுவந்தேன், பல் தேய்க்கிற மாதிரி, ஒரு நாள் விடாமல்.

இனி நோயைச் சொல்கிறேன்.

முதலில் கண் இமை துடித்தது. பிறகு கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. பிறகு உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு மரமரப்பு. இதையெல்லாம் நான் பெரிதாக எடுக்கவில்லை. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவனுக்குக் கால் பிடிக்கும், அவ்வளவுதான். அடுத்து வந்ததுதான் எனக்குப் பிடிபடாதது. தூக்கம் போயிற்று. பசி போயிற்று. கல்லில் மாவை ஊற்றி வட்டம் இழுக்கும்போது காரணமில்லாமல் கண்ணீர் வழியும். உடனே ஒரு வெங்காயத்தை எடுத்து நறுக்குவேன். பக்கத்தில் நிற்கிற விஸ்வம், எங்கள் வடை மாஸ்டர், "என்ன அண்ணாச்சி, ஊத்தப்பத்துக்கு ஆர்டரே இல்ல, ஊர் வெங்காயத்தையெல்லாம் நறுக்குதீரு?" என்று சிரிப்பான்.

விஷ்ணு பள்ளி ஓட்டப் பந்தயத்தில் கப் வாங்கி வந்தானே, நினைவிருக்கிறதா? அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, மேசையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். மக்களே, எனக்குள் ஒன்றும் எழும்பவில்லை. சந்தோஷம் இல்லை, வருத்தமும் இல்லை. தண்ணீர் வராத குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. வேலை முடிந்து கரமனையில் இருக்கிற நம் வீட்டுக்கு நடந்து வருகிறவன், ஆற்றுப் பாலத்தை நடந்து கடக்கப் பயந்து பஸ் ஏற ஆரம்பித்தேன். ஏன் பயந்தேன் என்பதை நீங்கள் பெரியவர்களானால் புரிந்துகொள்வீர்கள். அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

அம்மை என்னைப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். அந்த டாக்டர் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தமிழ்நாடா? ஹோட்டல் பணியா? டென்ஷனாணு. எல்லாவர்க்கும் உண்டு" என்றார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். தூங்க ஒரு மாத்திரை எழுதினார். அது வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்க இன்னொன்று எழுதினார். அந்த இன்னொன்று என்னவென்று நினைக்கிறீர்கள்? அதே கேஸ் குளிகை. அட்டையின் நிறம்தான் வேறு. ஹோட்டலில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டாகத் தின்றேன்.

அடுத்தது இன்னொரு டாக்டர், மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருக்கிறவர். அவரும் அதையே கேட்டார், "வேறே மருந்து வல்லதும் கழிக்குன்னுண்டோ?" நான் இல்லை என்றேன். அம்மையும் இல்லை என்றாள். பொய் சொல்லவில்லை, மக்களே. சத்தியமாக எங்களுக்கு அது மருந்தாகவே தோன்றவில்லை. சீட்டில் எழுதித் தருவதுதான் மருந்து. கட்டனோடு கிடைக்கிறது எப்படி மருந்தாகும்? சாயா குடிக்கிறாயா என்று கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன்.

அதற்குள் ஊருக்குச் செய்தி போய்விட்டது. அம்மையின் அண்ணன், உங்கள் சுயம்பு மாமா, நாகர்கோவிலிலிருந்து வந்து இறங்கினார். நல்ல மனுஷன்தான். ஆனால் வந்த அன்று அவர் பேசியதை நான் மறக்கவில்லை.

"குடிக்கானா?" என்று அம்மையிடம் கேட்டார். நான் அதே அறையில்தான் கிடந்தேன்.

"இல்ல அண்ணே."

"வேற ஏதாம் சகவாசம்?"

"சும்ம இரு அண்ணே."

"பொறவு என்ன எளவுக்கு ஆம்பள ஒருத்தன் பகல்ல படுத்துக் கெடந்து அழுகான்? இது மண்டைக் கோளாறு. சவத்த இனி வச்சு இழுக்கக் கூடாது. பெரிய ஆஸ்பத்திரில மனநோய் டாக்டர்ட்ட காட்டுவோம். அவுங்க அட்மிட் பண்ணச் சொன்னா, நீ பிள்ளையள கூட்டிட்டு ஊருக்கு வந்திரணும். ஸ்கூல்ல டி.சி. நான் வாங்குகேன். வயசுக்கு வந்த பிள்ளைய இவன்கூட எப்பிடி விட்டுட்டுப் போவேன்?"

அஞ்சு, உன்னைப் பற்றித்தான் சொன்னார். நான் உன்னை ஏதோ செய்துவிடுவேன் என்கிற மாதிரி. எழுந்து அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் எனக்குக் கோபம்கூட வரவில்லை, அதுதான் நோய். போகட்டும், இவர்களாவது நன்றாக இருக்கட்டும் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அன்று வராத கோபம்தான் இப்போது வட்டி போட்டு வருகிறது.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓ.பி. சீட்டு எடுக்க ஒரு வரிசை. சீட்டோடு உட்கார இன்னொரு வரிசை. மற்ற ஓ.பி.களில் ஜனங்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், யாருக்கு என்ன நோய், எந்த ஊர் என்று. மனநோய் ஓ.பி. வாசலில் ஒருவரும் ஒருவரையும் பார்ப்பதில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். மாமாவும் என்னை விட்டு நாலு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்தார்.

உள்ளே ஒரு பெண் டாக்டர். சின்ன வயசு. பக்கத்தில் ஒரு நர்ஸ் எனக்கு பிரஷர் பார்க்கக் கைப்பட்டையைக் கட்டிக் காற்றடித்தாள். அப்போது வராந்தாவில் யாரோ கூப்பிட்டார்கள். காற்றை இறக்காமல் எட்டிப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் என் கை தானாகத் திருகியது. மணிக்கட்டு மடங்கியது. கட்டை விரல் உள்ளே போயிற்று. மற்ற விரல்கள் நேராகக் குவிந்து, கோலம் போடப் பொடியை எடுக்கிற கை மாதிரி நின்றன. என்னால் விரிக்க முடியவில்லை. வலியில் உயிர் போயிற்று.

"பாத்தியளா டாக்டர்? இப்பிடித்தான் வீட்டுலயும் நடிக்கான்" என்றார் மாமா.

டாக்டர் எழுந்து வந்து, நர்ஸிடம் "அழிக்கண்டா" என்று சொல்லி, பட்டையை அவிழ்க்க விடாமல் என் கையையே பார்த்தாள். பிறகு காற்றை இறக்கச் சொன்னாள். கை மெல்ல விரிந்தது. காதுக்கு முன்னால், கன்னத்தில் விரலால் தட்டிப் பார்த்தாள். வாய் ஓரம் வெட்டி இழுத்தது.

"இது நடிச்சா வராது" என்றாள் மாமாவிடம், தமிழில். பிறகு என் பக்கம் திரும்பி, "வேறே மருந்து எதாவது?" என்றாள்.

"இல்ல டாக்டர்."

நானும் அம்மையும் சேர்ந்தே சொன்னோம். அவள் அதோடு விடவில்லை. "செரி. காலத்தெ எழுந்தா முதல்ல வாயில என்ன போடும்? பிறகு என்ன? ஒண்ணு ஒண்ணா சொல்லுங்க."

"கட்டன், குளிகை, பொறவு பதினோரு மணி வாக்குல…"

"என்ன குளிகை?"

"கேஸ் குளிகை. அது மருந்து இல்ல டாக்டர், ஹோட்டல்ல தாறது" என்றாள் அம்மை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். எத்தனை வருஷமாக என்று கேட்டாள். அம்மை உன் வயதைச் சொல்லி, அதற்கும் முன்பிருந்து என்றாள், அஞ்சு. 

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் வயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரிசல்ட் வந்தபோது என்னை நடக்க விடாமல் தள்ளுவண்டியில் வைத்து மெடிசின் வார்டுக்குக் கொண்டு போனார்கள். நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்பும் நிலையில் இருந்ததாம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கல்லுக்கு முன்னாலேயே விழுந்திருப்பேன் என்று பிறகு சொன்னார்கள்.

எனக்கு விளங்கினதை உங்களுக்குச் சொல்கிறேன். மக்னீஷியம் என்று ஒரு தாது உப்பு. கறியுப்பு இல்லை, வேறு. கீரை, பயறு, எள், கடலை, கேழ்வரகு இதிலெல்லாம் இருக்கிறது. சதை பிடித்த பின் விரிவதற்கும், நரம்பு அமைதியாவதற்கும், நெஞ்சு தாளம் தப்பாமல் அடிப்பதற்கும் அது வேண்டும். மூளைக்கும் வேண்டும். அது ரொம்பக் குறைந்தால் கை கால் இழுக்கும், தூக்கம் போகும், மனசும் சோர்ந்து போகலாம். குடல்தான் அதைச் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சி உடம்புக்குக் கொடுக்கிறது. இந்தக் கேஸ் குளிகையை டாக்டர் சொல்லாமல் வருஷக்கணக்கில் தின்றால், சிலருக்கு அந்த உறிஞ்சல் அடைபட்டுப் போகும். கூடவே கால்சியமும் பொட்டாசியமும் இறங்கும். எனக்கு மூன்றும் இறங்கியிருந்தது. அடுப்புச் சூட்டில் வியர்த்துக் கொட்டி, பாதி நாள் பட்டினி கிடந்தது அதற்குத் துணை.

குளிகையே விஷம் என்று நினைக்காதீர்கள். வயிற்றில் புண் உள்ளவர்களுக்கு அது தேவை. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன காலம் போட வேண்டும். நிறுத்துவதும் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். எனக்கு நிறுத்தினபோது நெஞ்சு முன்னைவிட அதிகமாக எரிந்தது. இப்படித்தான் கொஞ்ச நாள் எரியும், பயப்படாதே என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் தாங்கினேன்.

மக்னீஷியத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். கை முழுக்க வெந்நீர் ஊற்றின மாதிரி சூடு. கொஞ்சத்துக்கொரு தடவை நர்ஸ் வந்து ரப்பர் சுத்தியலால் முட்டியில் தட்டுவாள். கால் உதைக்கிறதா என்று பார்ப்பாள். கூடிப்போனாலும் ஆபத்தாம், கால் உதைக்காதாம். நான் நன்றாக உதைத்தால் "மிடுக்கன்" என்பாள், கெட்டிக்காரன் என்று குழந்தையிடம் சொல்கிற மாதிரி. பொட்டாசியம் சிரப்பு ஒன்று உண்டு. அதைவிடக் கேவலமான ருசி நான் அறிந்ததில்லை. விஷ்ணு, நீ காய்ச்சல் மருந்துக்கு அழுகிறாயே, அது பாயசம்.

வார்டில் நாள் முழுக்க "பைஸ்டாண்டர் எவிடே?" என்று கத்துவார்கள். கூட இருக்கிற ஆளை அப்படிச் சொல்வது. அம்மைதான் என் பைஸ்டாண்டர். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். மருந்துக்கு ஓடினாள், ரத்தம் கொண்டுபோய்க் கொடுக்க ஓடினாள், கேன்டீனில் கஞ்சி வாங்க ஓடினாள். கஞ்சியும் பயறும் கொண்டு வந்து ஊட்டும்போது ஒரு தடவை என் மேல் எரிந்து விழுந்தாள். "ஊருக்கெல்லாம் தோச சுட்டுப் போட்டியளே, ஒரு தோச உங்க வாயில போட நேரம் இல்லாம போச்சா?"  வாயிலிருந்த கஞ்சியை விழுங்கிவிட்டு, அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தேன். அஞ்சு, நீ பள்ளி விட்டு வந்து வீட்டில் சோறு வடித்து, தம்பிக்குப் போட்டு, மிச்சத்தைப் பொதிந்து மாமா கையில் கொடுத்து விட்டாய். சோறு குழைந்துதான் இருந்தது. முழுக்கத் தின்றேன். விஷ்ணு, அம்மையின் போனில் எனக்காக ஒரு கார் கேம் ஏற்றி அனுப்பினாய். எனக்கு விளையாடத் தெரியவில்லை. கார் சுவரில் இடித்து இடித்து நின்றது. பக்கத்துக் கட்டில்காரருக்கு அதைப் பார்த்துக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

விஸ்வமும் வந்தான். இலையில் பொதிந்த உளுந்து வடை, ஒரு சட்னி. அதற்குக் கீழே ஒரு அட்டை கேஸ் குளிகை. "ஆஸ்பத்திரிச் சாப்பாடு ஒமக்கு ஒத்துக்காதுல்லா அண்ணாச்சி, அதான் பெட்டியில இருந்து எடுத்துட்டு வந்தேன்" என்றான் பிரியமாக. நர்ஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு அவனை விரட்டினாள். அவன் ஒன்றும் புரியாமல் வாசலில் நின்று, "வடையாவது குடுக்கலாமா சிஸ்டர்?" என்றான். வடை கிடைத்தது.

இனி நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன்.

பக்கத்துக் கட்டிலில் ராஜன் சேட்டன் என்று ஒருவர். ஆட்டோ ஓட்டுகிறவர். வாரக்கணக்கில் சாப்பிடாமல், பேசாமல், எழும்பாமல் கிடந்து மெலிந்து போனவரை அவருடைய அண்ணன் கொண்டு வந்து சேர்த்திருந்தார். எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். ரத்தம், ஸ்கேன், எல்லாம். ஒன்றிலும் ஒன்றும் இல்லை.

என் ரிசல்ட்டை டாக்டர் விளக்கின அன்று சுயம்பு மாமாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கட்டில் பக்கத்திலேயே நின்று ஊருக்கெல்லாம் போன் போட்டார். "மண்டைக் கோளாறு ஒண்ணும் இல்ல, கேட்டியளா! உப்புதான் கொறஞ்சுது. மக்னீசியம். ஆமா, ஆமா, பைத்தியம் எல்லாம் இல்ல. நான் அப்பமே சொன்னேம்லா!" அவர் சொல்லவே இல்லை. டி.சி. பேச்சும் அன்றோடு போயிற்று. என் பிள்ளைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

போனை வைத்துவிட்டு மாமா ராஜன் சேட்டனைப் பார்த்துச் சொன்னார். "அண்ணாச்சி, ஒமக்கும் அந்த உப்பத்தான் பாக்கணும். டாக்டர்ட்ட சொல்லும்."

ராஜன் சேட்டன் அத்தனை நாளில் முதல்முறையாக வாய் திறந்தார். "நோக்கி. நார்மலாணு." பார்த்தாயிற்று, சரியாகத்தான் இருக்கிறது என்று.

அவருடைய அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். "கேட்டோ? எல்லாம் நார்மல். பின்னெ நினக்கு எந்தாடா? எழுந்தேற்று வண்டி ஓட்டு. அவருக்கு அசுகமாணு. நினக்கு மடியாணு."

அவருக்கு நோய், உனக்குச் சோம்பல் என்று அர்த்தம். ராஜன் சேட்டன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். நான் வீட்டில் திரும்பிப் படுத்த அதே மாதிரி.

அப்போதுதான் எனக்கு ஊசி ஏறின கையோடு கோபம் ஏறியது. வருஷத்தில் முதல் கோபம். மாமாவிடம் சொன்னேன், "மச்சான், ரத்தத்துல உப்பு சரியா இருந்திருந்தா, நான் யாரு? அப்பம் நான் நடிகன்தானே? பிள்ளையள கூட்டிட்டுப் போயிருப்பியள்லா?"

"அது… மாப்பிளே, இப்பம் அதெல்லாம் எதுக்கு? சரியாயாச்சுல்லா?"

"சொல்லும்வே."

அவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு சாயா வாங்கப் போய்விட்டார்.

சாயங்காலம் அந்தப் பெண் டாக்டர் என்னைப் பார்க்க வார்டுக்கு வந்தாள். நான் அவளிடமும் கோபமாகத்தான் கேட்டேன், எல்லாம் உப்பினால்தானா என்று. அவள் எனக்குப் பிடித்த மாதிரி பதில் சொல்லவில்லை. "கை வலிச்சது அதனால. நெஞ்சு அதனால. மனசு…" என்று நிறுத்தினாள். கொஞ்சம் அதனால் இருக்கலாம், எவ்வளவு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது என்றாள். மக்னீஷியம் குறைந்தவர்களுக்கு மனச்சோர்வு வரலாம். ஆனால் மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் மக்னீஷியம் குறைந்திருக்காது. ராஜன் சேட்டனைக் கண்ணால் காட்டி, "அவருக்கும் அசுகம்தான். லாபில காணாது, அவ்வளவுதான்" என்றாள். மனசுக்கு ஒரு மாத்திரை எழுதித் தந்து, அதை நான் விடாமல் போட வேண்டும், அவளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றாள். ராஜன் சேட்டனின் அண்ணனையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு நீண்ட நேரம் பேசினாள். அவர் திரும்பி வந்து தம்பியின் காலடியில் உட்கார்ந்தார். காலைப் பிடித்துவிட்டார்.

சொன்னபடிதான் நடந்தது. கை இழுப்பும் இமைத் துடிப்பும் சில நாளில் நின்றன. வீட்டுக்கு வந்தேன். மனசு மட்டும் அவ்வளவு வேகமாக வரவில்லை. ஒரு நாள் விஷ்ணு சோற்றில் தயிரைக் கொட்டிவிட்டு முழித்த முழியைப் பார்த்துச் சிரித்தேன். மறுநாள் மறுபடியும் பழைய இருட்டு. இப்படி வந்தும் போயும்தான் விலகியது. இன்னும் முழுக்க விலகவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலைக்குத் திரும்பினபோது முதலாளியிடம் போய் நின்றேன். குளிகைப் பெட்டியை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அவருக்கு மனம் நொந்துவிட்டது. "நான் சொந்தக் காசுல வாங்கித் தந்ததாக்கும். வேற எந்த ஹோட்டல்ல தாறான்?" என்றார்.

"குளிகை வேண்டாம் முதலாளி. காலைக் கூட்டத்துக்கு முன்னால உக்காந்து சாப்பிட நேரம் தாங்க. எல்லாருக்கும்."

"கூட்டத்துல நீரு உக்காந்து சாப்பிட்டா தோச யாரு சுடுவா? உம்ம மச்சானா?"

"மச்சானுக்கு இட்லியே வராது" என்றான் விஸ்வம் பின்னாலிருந்து. முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் காரியம் நடந்தது. இப்போது நாங்கள் முறை வைத்து, கடை திறக்குமுன் ஆளுக்கு நாலு இட்லி சாம்பாரில் முக்கித் தின்கிறோம். மத்தியானமும் மாற்றி மாற்றி உட்காருகிறோம். பெட்டியை எடுக்கவில்லை. எடுக்கிறவர்கள் எடுக்கிறார்கள். நான் ஒவ்வொருவனிடமும் சொல்லிப் பார்க்கிறேன். எனக்குக் கோபம் முதலாளியிடம் மட்டும் இல்லை, மக்களே. சாப்பாட்டுக்கு நேரம் கேட்க வேண்டிய நாங்கள் எல்லோரும் வருஷக்கணக்காகக் குளிகையைக் கேட்டு வாங்கினோம். ஒருவனுக்கும் வாய் வரவில்லை.

ஊரில் என் கதை இப்போது உப்புக் கதையாகிவிட்டது. மாமாவுக்கு அது ரொம்ப வசதி. மறுபடி டாக்டரைப் பார்க்கிற நாள் வந்தபோது போன் பண்ணினார். "உப்பு சரியாயாச்சு. பொறவு அந்த ஓ.பி.க்கு எதுக்குப் போறீரு? யாராவது பாத்தா என்ன நெனப்பாவ? நாளைக்கு அஞ்சுவுக்கு மாப்பிள்ள பாக்கணும்லா?" அம்மை போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிளம்பும்போது ஒரு மாஸ்க்கை எடுத்து என் கையில் தந்தாள். "இருக்கட்டும், பஸ்ஸுல தூசி" என்றாள். தூசிக்காக இல்லை என்று இருவருக்கும் தெரியும். போட்டுக்கொண்டு தனியாகப் போனேன்.

சீட்டு எடுத்துவிட்டு நடக்கும்போது மெடிசின் ஓ.பி. வரிசையிலிருந்து ஒரு குரல். எங்கள் ஹோட்டலுக்குப் பப்படம் கொண்டு வருகிற பரமேஸ்வரன். மாஸ்க் போட்டும் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். "மாஸ்டரே! இங்ஙோட்டு வா, ஸ்தலம் உண்டு. உப்பு குறஞ்ஞதல்லே, இதாணு லைன்" என்று நகர்ந்து இடமும் விட்டான். நல்ல இடம். ஃபேனுக்குக் கீழே.

"எனக்கு அந்த லைன்" என்று கை காட்டினேன். "மனசுக்கு."

அவன் முகம் போன போக்கை நான் நின்று பார்க்கவில்லை. மனநோய் ஓ.பி. வராந்தாவுக்கு வந்தேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் பாதிப் பேர் மாஸ்க் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் திரும்பவில்லை. நான் கடைசியில் போய் நின்றுகொண்டு, மாஸ்க்கைக் கழற்றி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்தேன்.